அமேசான் அசோசியேட்ஸ்: வளரும் நாட்டிலிருந்து தொடங்குபவருக்குச் சரிப்படுமா?

அஃபிலியேட் மார்க்கெட்டிங்கில் (அடுத்தவர் பொருளை லிங்க் கொடுத்துப் பரிந்துரைத்து, விற்பனையில் கமிஷன் பெறும் தொழிலில்) இறங்குபவர்கள் பலரும் முதலில் தட்டும் கதவு அமேசான் அசோசியேட்ஸ். 1996 முதல் நடந்துவரும் திட்டம் இது. சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. அமெரிக்கக் கடைக்கான திட்டத்தில் வளரும் நாட்டில் இருந்தபடியே சேரலாம். விண்ணப்பம் அரை மணி நேர வேலைதான். அதற்குப் பிறகு இரண்டு இடங்களில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள்: 180 நாள் கெடு, சம்பாதித்த பணம் கைக்கு வரும் வழி.

கெடுவை முதலில் பார்ப்போம். கணக்கு திறந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் உங்கள் லிங்க் வழியாக மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும். இல்லையென்றால் கணக்கை மூடிவிடுவார்கள். மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனால் புது ட்ராக்கிங் ஐடி (விற்பனை உங்கள் லிங்க்கால் நடந்தது என்று காட்டும் அடையாளக் குறி) வரும், பழைய பதிவுகளில் உள்ள லிங்க்குகளை எல்லாம் உட்கார்ந்து மாற்ற வேண்டியிருக்கும். மூன்றை எட்ட நீங்களே வாங்கினாலும், வீட்டாருக்காக வாங்கிக் கொடுத்தாலும் அது கணக்கில் சேராது, விதிமீறலாகவும் ஆகிவிடும். மூன்று விற்பனைக்குப் பிறகுதான் உங்கள் தளத்தைப் பரிசீலிக்கிறார்கள். எல்லோரும் பார்க்கக்கூடிய, சொந்தமாக எழுதிய பத்துப் பதிவுகளாவது அங்கே இருக்க வேண்டும், தளமும் சமீபத்தில் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே முதல் நாளே விண்ணப்பிக்காதீர்கள். இருபது பதிவு எழுதி, தேடுபொறியிலிருந்து தினமும் ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு சேருங்கள். கெடு வீணாகாது.

எந்த நாட்டுக் கடைத் திட்டத்தில் சேர்வது என்பதை நீங்கள் இருக்கும் ஊர் தீர்மானிக்கக் கூடாது. உங்கள் வாசகர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதே தீர்மானிக்க வேண்டும். அமெரிக்கக் கணக்கின் ஐடிக்குப் பிரிட்டன் கடையில் கமிஷன் விழாது. ஒன்லிங்க் என்ற வசதி வாசகரை அவரவர் நாட்டுக் கடைக்குத் திருப்பிவிடும். ஆனால் அந்தந்த நாட்டுத் திட்டத்திலும் நீங்கள் தனியாகச் சேர்ந்து இணைத்திருந்தால்தான் பலன்.

கமிஷன் விஷயத்தில் இந்தத் திட்டம் தாராளமானது என்று சொல்ல முடியாது. 2020 ஏப்ரலில் அறைகலன்களுக்கான விகிதத்தை 8 சதவீதத்திலிருந்து 3க்கும், மளிகைக்கானதை 5லிருந்து 1க்கும் இறக்கினார்கள். சமையலறைப் பொருள், அச்சுப் புத்தகம் 4.5 சதவீதம், கணினி 2.5, வீடியோ கேம் கருவி 1. 40 டாலர் பாத்திரம் ஒன்று விற்றால் 1.80 டாலர், 600 டாலர் மடிக்கணினி விற்றால் 15 டாலர். ஆனால் மடிக்கணினி வாங்குபவர் நாள்கணக்கில் யோசிப்பார், உங்கள் லிங்க் வழியாக வந்தவர் என்பதை நினைவில் வைக்கும் குக்கி என்ற சிறு கோப்பின் ஆயுளோ 24 மணி நேரம். அதற்குள் பொருளைக் கார்ட்டில் போட்டுவிட்டால் மட்டும் ஆர்டர் செய்ய 90 நாள் வரை அவகாசம் உண்டு. தொடங்குபவருக்கு, யோசிக்காமல் வாங்கும் 25 முதல் 60 டாலர் வரையிலான பொருள்களே நல்லது என்பது எங்கள் கருத்து. வாசகர் அந்த 24 மணி நேரத்துக்குள் வேறு பொருள் வாங்கினாலும் கமிஷன் உங்களுக்குத்தான். இந்தத் திட்டத்தின் உண்மையான பலம் இதுவே. பொருள் திரும்பி வந்தால் கமிஷனும் திரும்பிப் போய்விடும்.

விதிகளில் அடிக்கடி மீறப்படுபவை மூன்று. விலையைக் கையால் தட்டச்சு செய்து போடுவது (விலை மாறிக்கொண்டே இருக்கும்), கடையில் உள்ள வாடிக்கையாளர் விமர்சனங்களை அப்படியே எடுத்துப் போடுவது, தகுதியான கொள்முதல்களில் கமிஷன் பெறுகிறேன் என்ற அறிவிப்பைத் தளத்தில் வைக்காமல் விடுவது. கணக்கு பறிபோனால் நிலுவைத் தொகையும் போகக்கூடும். அதனால் இதில் அசட்டை வேண்டாம்.

இனி பணம். ஜனவரியில் அனுப்பப்பட்ட பொருளுக்கான கமிஷன் மார்ச் இறுதிவாக்கில்தான் வரும். ஏறக்குறைய 60 நாள் தாமதம். நேரடி வங்கி வரவுக்குக் குறைந்தது 10 டாலர் சேர வேண்டும். காசோலை என்றால் 100 டாலர், அதில் 15 டாலர் கட்டணமாகப் போகும். தபாலில் தொலைவது வேறு. அந்த வழியே வேண்டாம். பல நாடுகளில் பேபால் கணக்கில் பணம் பெறவே முடியாது. அமேசானும் அந்த வழியில் தருவதில்லை. நடைமுறையில் உதவுவது பேயோனியர் என்ற பணப் பரிமாற்ற நிறுவனம். அது உங்கள் பெயரில் ஓர் அமெரிக்க வங்கிக் கணக்கு எண்ணும் ரௌட்டிங் எண்ணும் (வங்கியை அடையாளம் காட்டும் எண்) தரும். அவற்றை அசோசியேட்ஸ் பக்கத்தில் கொடுத்தால் போதும். அடையாள அட்டை, பேயோனியர், அசோசியேட்ஸ் மூன்றிலும் பெயர் ஓரெழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னும் பின்னுமாக மாறியே நிறையப் பேருக்குச் சரிபார்ப்பு தடைபடுகிறது. வரவு குறைந்த ஆண்டில் பேயோனியர் ஆண்டுக் கட்டணமும் பிடிக்கலாம், அதன் கட்டணப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கணக்கைத் திறவுங்கள்.

அசோசியேட்ஸ் கணக்கில் கேட்கப்படும் வரிக் கேள்விகளில் அமெரிக்கர் அல்லாத தனிநபர் டபிள்யூ-8பென் (W-8BEN) என்ற அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்ப வேண்டும். வேலை முழுவதும் அமெரிக்காவுக்கு வெளியே நடக்கிறது என்று குறிப்பிட்டால் அங்கே வரி பிடிக்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்கு அவசரத்தில் தவறாகப் பதில் சொல்பவர்களுக்கு 30 சதவீதம் வரை பிடித்தம் நேரலாம். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் இறுதியோடு படிவம் காலாவதியாகும். உங்கள் நாட்டு வருமான வரி தனி.

அமெரிக்க வாசகர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுபவர் தயங்காமல் சேரலாம். உங்கள் வாசகர்கள் பெரும்பாலும் சொந்த நாட்டவர் என்றால் இது சரிப்படாது. அங்கேயே பொருளைக் கொண்டுவந்து சேர்க்கும் கடையின் திட்டத்தில் சேருங்கள். குக்கிக் காலம் 30 நாளாக இருந்தால் இன்னும் நல்லது.