மசிக்குப்பியிலிருந்து எழுந்த சிரிப்பு: மௌனக் கார்ட்டூன்களின் ஒரு ப்ளூரே தொகுப்பு

அமெரிக்காவில் 1920களில் வெளிவந்த மௌனக் கார்ட்டூன்களைத் திரட்டித் தரும் இந்த வட்டில் ஒவ்வொரு படமும் ஏழெட்டு நிமிடம்தான் ஓடுகிறது. இருந்தும் நான் ஒரே அமர்வில் மூன்றுக்கு மேல் பார்க்கவில்லை, ஏனெனில் அவை கண்ணுக்குக் கொடுக்கும் வேலை அதிகம்.

தொகுப்பின் உயிர் ஃபீலிக்ஸ் பூனைதான். 1919இல் திரைக்கு வந்த இந்தப் பூனையை உருவாக்கி இயக்கியவர் ஓட்டோ மெஸ்மர் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து என்றாலும், திரையில் விளங்கியது தயாரிப்பாளர் பாட் சல்லிவனின் பெயரே. ஃபீலிக்ஸ் குழம்பினால் தலைக்கு மேல் கேள்விக்குறி முளைக்கிறது. அடுத்த கணமே அதைப் பறித்துக் கருவியாக்கிக்கொள்கிறது. பேச வழியில்லாத உலகில் எழுத்துக்குறியே பொருளாகிவிடும் இந்தக் குறும்பைப் பிற்காலப் பேசும் கார்ட்டூன்களில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

மாக்ஸ் ஃப்ளைஷரின் கோக்கோ கோமாளி வேறு வகை. மசிக்குப்பியிலிருந்து எழுந்து, தன்னை வரைந்தவரிடமே வம்பு செய்துவிட்டு, மறுபடி குப்பிக்குள் போய்விடுவான். மாக்ஸின் தம்பி டேவ் கோமாளி உடையில் நடித்ததைப் படம்பிடித்து, சட்டகம் சட்டகமாக அதன்மேல் வரைந்த ரோட்டோஸ்கோப் முறையில் பிறந்தவன் என்பதால், அவன் நடையில் மனித உடலின் எடை தெரிகிறது.

இவை ஏன் இவ்வளவு அரிது என்பதற்கு விடை பிலிமிலேயே இருக்கிறது: எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிம் தானாகவும் சிதையும், பேசும்படம் வந்தபின் இவற்றைப் பேணும் அக்கறையும் போயிற்று. எஞ்சியவற்றுள் பல, வீட்டுத் திரையிடலுக்காக எடுத்த 16 மி.மீ. பிரதிகளே. பின்னாளில் ஒலி சேர்த்து மறுவெளியீடு செய்த பிரதிகளில், ஒலித்தடத்துக்கு இடம்விட்டுப் படத்தின் இடது ஓரம் வெட்டுப்பட்டுப் போவதுண்டு. இந்த வட்டிலும் இரண்டு படங்களில் பாத்திரங்கள் ஓரத்தில் பாதி மறைந்தே நிற்கின்றன. எந்தப் படம் எந்தப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு உறையில் இல்லாதது பெருங்குறை.

பட மீட்பு நிதானமானது. கீறல்களைத் துடைக்கிறோம் என்று மைக்கோடுகளையும் சேர்த்து மழுங்கடிக்கவில்லை. பியானோ இசை பொருத்தமாகவே அமைந்திருக்க, சில படங்களில் ஒவ்வொரு விழுகைக்கும் புதிதாக ஒட்டிய 'டொய்ங்' ஒலிகள்தாம் பொறுக்க முடியாதவை. அந்தப் படங்களை நான் ஒலியை அணைத்துவிட்டே பார்த்தேன். நகைச்சுவை சிறிதும் குறையவில்லை.