பத்தாம் நம்பர் ஸ்பேனரும் மருமகன் காலும்

மூன்று வார விடுப்பில் கோயமுத்தூர் வந்து நேற்றுத்தான் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் திரும்பினேன். பயணத்தில் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு ஸ்பேனரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பத்தாம் நம்பர், தலை மெலிந்தது.

அக்கா மகனுக்கு வயது பதினேழு. ஒன்பது வயதில் பைக்கிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பின் வளர்ச்சித் தட்டில், அதாவது எலும்பு நீளும் இடத்தில், அடிபட்டது. வலது கால் வளர இடது கால் பின்தங்கி, நாலு சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது. போன மாதம் எலும்பை வெட்டி ரிங் போட்டிருக்கிறார்கள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வளையங்கள், எலும்பைக் குறுக்கே துளைத்துப் போகும் கம்பிகள், வளையங்களை இணைக்கும் மரை போட்ட ராடுகள். சைபீரியாவின் குர்கானில் 1950களில் இலிசாரோவ் என்ற மருத்துவர் கண்ட முறைதான். அறுவை முடிந்து ஒரு வாரம் பொறுத்து, பிறகு வெட்டிய எலும்பின் இரு பகுதிகளையும் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் விலக்க வேண்டும், நடு இடைவெளியில் புது எலும்பு வளரும். அதையும் நாலு தடவையாகப் பிரித்துச் செய்ய வேண்டும். ராடின் மரை ஒரு சுற்றுக்கு ஒரு மில்லி நகரும், ஆக ஒவ்வொரு முறையும் நட்டைக் கால்வாசி சுற்று. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. அக்கா நோட்டில் டிக் போட்டு வைக்கிறாள்.

சனிக்கிழமை சாயந்தரம் செக்கப். மருத்துவமனையில் லூசாக இருந்த ஒரு போல்ட்டை இறுக்க எங்கள் ஸ்பேனரை வாங்கினார்கள், திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்க மறந்து வந்துவிட்டோம். இரவு பத்து மணிக்குப் பையைத் திறந்தால் ஸ்பேனர் இல்லை. ஃபோன் செய்தேன். நாலாவது முறை எடுத்தவர், "டிரஸ்ஸிங் ரூம் பூட்டியாச்சுங்க, திங்கக்கிழமை டோக்கன் போட்டு வாங்க" என்றார். அதற்குள் எத்தனை திருப்பு தவறும் என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாதுங்க" என்று வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. ஒன்றரை நாள் நின்றால் எலும்பு மூடிக்கொள்ளாது என்று எனக்கும் தெரியும். ஆனால் கம்பி துளைத்த இடத்தில் நீர் வடிய, தூக்கமில்லாமல் படுத்திருக்கும் பையனிடம் அதை எப்படிச் சொல்வது? ஜெர்மனியில் இந்த மாதிரி நோயாளிக்கு மாற்று ஸ்பேனர் ஒன்று கையோடு கொடுத்தனுப்பியிருப்பார்கள், அவசர எண்ணில் விஷயம் தெரிந்த ஒருவர் பேசுவார் என்று ராத்திரி முழுக்க அக்காவிடம் புலம்பினேன். "அங்கத்த கதைய விடு தம்பி, இப்ப ஸ்பேனருக்கு வழி பாரு" என்றாள்.

ஞாயிறு காலை தெருமுனை டூவீலர் மெக்கானிக்கிடம் போனேன். "பத்து-பதினொண்ணுதானுங்க? எடுத்துட்டுப் போங்க" என்று காசு கூட வாங்காமல் கொடுத்தார். வாய் சரியாக இருந்தது, தலையின் கனம் இடித்தது. நட்டுக்கும் பக்கத்துக் கம்பியின் போல்ட்டுக்கும் நடுவே அது நுழையவில்லை.

பையனை ஆட்டோவில் உட்கார வைத்து, பட்டறைகள் நிறைந்த ஆவாரம்பாளையம் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு லேத் பட்டறை திறந்திருந்தது. ஸ்டுட்கார்ட்டில் ஞாயிறன்று ஆணி ஒன்று கூட வாங்க முடியாது. பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கால் முன்னால் குந்தி உட்கார்ந்து, கை படாமல் வெர்னியர் அளவுகோலை நீட்டி இடைவெளியைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரைக் கிரைண்டிங் வீலில் வைத்தார். நாலு நொடி தேய்ப்பு, உடனே தண்ணீரில் ஒரு முக்கு, மறுபடி தேய்ப்பு. "சூடு ஏறி நீலம் பாஞ்சா பதம் போயிரும், நட்டு மேல வழுக்கும்" என்றார். மூன்று மில்லி கனத்துக்கு இறக்கி, ஓரங்களை உப்புத்தாளால் வழவழப்பாக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஸ்பிரிட்டில் துடைத்து, சரியாகப் பன்னிரண்டுக்குத் திருப்பினோம். தவறிப்போன இரண்டையும் சேர்த்துத் திருப்பலாமா என்று பையன் கேட்டான். கூடாது. எலும்பு இடம் கொடுத்தாலும் நரம்பும் தசையும் இழுபடும்.

கூலி வாங்க மறுத்த அந்தப் பட்டறைக்காரர் கேட்ட கேள்விதான் என்னை இதை எழுத வைக்கிறது. "இத்தன கம்பி வெளிய எதுக்குங்க, நீள்ற மாதிரி ஒரு ராடை எலும்புக்குள்ளயே வெக்க முடியாதுங்களா?"

முடியும். எலும்புக்குள் வைக்கும் ராடை நெய்ல் என்பார்கள். அமெரிக்காவில் 2011இல் அனுமதி பெற்ற காந்த நெய்ல் இருக்கிறது. உள்ளே சின்னக் காந்தம், கியர், மரைத்தண்டு. வெளியே கருவியைக் காலில் வைத்தால் அதன் காந்தங்கள் சுழன்று உள்ளே இருப்பதைச் சுழற்றும், நெய்ல் நீளும். கம்பித் துளையும் இல்லை, அதில் சீழ் பிடிப்பதும் இல்லை. நான் இருக்கும் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இகர்ஸ்ஹைம். அங்கே விட்டன்ஸ்டைன் என்ற கியர் கம்பெனி, மியூனிக் மருத்துவர் பவும்கார்ட்டுடன் சேர்ந்து மோட்டார் வைத்த ஃபிட்போன் நெய்லைச் செய்தது. கியர் செய்கிறவர்களால் முடிந்தது! நானும் கியர் வேலைதான் பார்க்கிறேன். ஆனால் இந்த வகை நெய்ல் ஒன்றுக்கே பல லட்சம் ஆகும், எலும்பு கூடியதும் கழற்றி எடுத்துவிட வேண்டிய பொருளுக்கு. அக்கா வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை.

மலிவாகச் செய்வது என்றால் தரத்தைக் குறைப்பதல்ல. காந்தமே இல்லாமல், காலைத் திருப்பினால் ராட்செட் (ஒரு பக்கம் மட்டும் நகரும் பல்சக்கரம்) நகரும் பிரெஞ்சு நெய்ல் ஒன்று இருந்தது, பதினைந்து கிளிக்குக்கு ஒரு மில்லி. செலவு குறையும், ஆனால் திருப்பும் வலி பொறுக்காமல் சிலருக்கு மயக்க மருந்து கொடுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. நடந்தாலே நீளும் இன்னொரு வகை, கட்டுப்பாடு மீறி வேகமாக நீண்டு ஆட்களைப் படுத்தியது. முழு எடையும் தாங்கட்டும் என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த காந்த நெய்லை 2021இல் சந்தையிலிருந்து எடுத்தார்கள். குழாயும் தண்டும் சேரும் இடத்தில் அரிப்பு வந்து பக்கத்து எலும்பு கரைந்திருந்தது. ஆக, மரையும் கியரும் கடைவது ஆவாரம்பாளையத்துக்குப் பெரிய விஷயமில்லை. அந்த இணைப்பு, கசியாமல் அடைக்கும் அந்த சீல், லட்சக்கணக்கான தடவை ஏற்றி இறக்கும் களைப்புச் சோதனை, மருத்துவச் சாதன விதிகளின்படி அனுமதி, இவற்றுக்குத்தான் பணமும் பொறுமையும் வேண்டும். 2017இல் இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் விலை உச்சவரம்பு வைத்தது நம் அரசு. இதற்கு வரம்பு வைத்தால் மட்டும் போதாது, இங்கேயே செய்ய ஆள் வேண்டும்.

இதையெல்லாம் அவரிடம் சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "கழட்டிப் போட்ட பழசு ஒண்ணு கெடைச்சா கொண்டாங்க, பிரிச்சுப் பாத்தரலாம்" என்றார்.

நேற்று வந்ததும் இங்கே தெரிந்த எலும்பு மருத்துவர் ஒருவருக்கு எழுதியிருக்கிறேன், கழற்றிய நெய்ல் ஒன்று படிப்புக்குக் கிடைக்குமா என்று. இன்னும் பதில் இல்லை. அக்காவின் நோட்டில் இன்று இருபத்து மூன்று மில்லி. தேய்த்த ஸ்பேனர் பையன் தலையணைக்கு அடியில் இருக்கிறது, மருத்துவமனை திங்கட்கிழமை திருப்பித் தந்தது அலமாரியில்.