2024-ன் மூன்று ராக் ஆல்பங்கள்: உடனே இழுப்பதா, காத்திருக்க வைப்பதா?

2024-ன் பிற்பாதியில் மூன்று ஆல்பங்கள் அடுத்தடுத்து வந்தன. ஆகஸ்ட் 23 அன்று டப்ளின் குழுவான ஃபொன்டெய்ன்ஸ் டி.சி.யின் 'ரொமான்ஸ்'. செப்டம்பர் 6 அன்று அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த பாடகர் எம்.ஜே. லெண்டர்மனின் 'மானிங் ஃபயர்வொர்க்ஸ்'. நவம்பர் 1 அன்று, 16 வருட இடைவெளிக்குப் பிறகு இங்கிலாந்தின் தி க்யூர் குழுவின் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்'. மூன்றுமே விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றவை. ஆனால் இசைத்தட்டாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் எதை எடுப்பது?

மூன்றையும் மாறி மாறிக் கேட்கும்போது எனக்கு முதலில் தெரிவது, கேட்பவரின் நேரத்தை ஒவ்வொன்றும் எப்படிக் கையாள்கிறது என்பதுதான்.

'ரொமான்ஸ்' காத்திருக்க வைக்காது. 11 பாட்டுகளும் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் மூன்று ஆல்பங்களையும் இசைத் தயாரிப்பாளர் டேன் கேரியோடு செய்த குழு, இதில் ஜேம்ஸ் ஃபோர்டிடம் போயிருக்கிறது. அந்த மாற்றம் காதில் உடனே விழுகிறது. கரகரப்பான கிட்டார் பின்னால் போய், கீபோர்டும் வயலின் கூட்டமும் முன்னால் வந்திருக்கின்றன. 'ஸ்டார்பர்ஸ்டர்' பாட்டைக் கேளுங்கள். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தில் பாடகர் கிரியன் சாட்டனுக்குத் திடீரென்று ஏற்பட்ட பீதியிலிருந்து பிறந்த பாட்டு அது. வரிகளை மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டே போகிறவர், நடுவே சத்தமாகக் காற்றை உள்ளே இழுக்கிறார். அந்த ஒலிதான் நம்மை இழுத்துப் பிடிக்கும் கொக்கி. பீதியைப் பற்றி விளக்கிச் சொல்லாமல் அதை மூச்சாகவே கேட்க வைத்தது பெரிய சாதனை என்று நினைக்கிறேன்.

ஆனால் முழு ஆல்பமாக எடுத்துக்கொண்டால் எனக்கு ஒரு குறை இருக்கிறது. ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு திசையில் போகிறது. 'இன் த மாடர்ன் வேர்ல்ட்' சினிமாவுக்கு எழுதியது போல விரிகிறது; 'ஹியர்ஸ் த திங்' பதற்றமாகக் குதிக்கிறது; கிட்டாரிஸ்ட் கானர் கர்லி பாடும் 'சன்டவுனர்' மூட்டமான ஒலிக்குள் மிதக்கிறது. தனித்தனியாக எல்லாமே அழகு. 2019-ல் வந்த முதல் ஆல்பமான 'டோக்ரெல்'லில் டப்ளின் தெருவே பேசுவது போல ஒரு பிடிப்பு இருந்தது. இதில் அது இல்லை.

லெண்டர்மன் அவசரமே படாதவர். 25 வயதில் இந்த ஆல்பத்தை வெளியிட்டார். ஆஷ்வில் நகரில் தயாரிப்பாளர் அலெக்ஸ் ஃபாராருடன் சேர்ந்து பதிவு செய்தார். பெரும்பாலான கருவிகளை அவரே வாசித்திருக்கிறார். குரல் கொஞ்சம் தளர்ந்து, சுருதியின் ஓரத்தில் சாய்ந்து நிற்கும். கிட்டாரும் அப்படியே. கன்ட்ரி எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசையின் பெடல் ஸ்டீல் கிட்டார், ஃபிடில் எல்லாம் வந்தாலும் இது கன்ட்ரி ஆல்பம் இல்லை. அந்த மண்ணில் வளர்ந்த ஒருவரின் இண்டி ராக்.

வரிகளில் மூவரில் இவருக்குத்தான் முதலிடம். தன் கைக்கடிகாரம் திசைகாட்டியாகவும் தொலைபேசியாகவும் வேலை செய்யும் என்று பெருமையடிக்கும் ஆள் ஒருவன் 'ரிஸ்ட்வாட்ச்' பாட்டில் வருகிறான். இரண்டு வரியில் அவனுடைய தனிமை முழுக்கத் தெரிந்துவிடுகிறது. 'ஷீ'ஸ் லீவிங் யூ' பாட்டில் மனைவி விட்டுப் போகப்போகிறாள். இவன் வாடகைக்கு ஃபெராரி கார் எடுத்துச் சுற்றுகிறான். இந்த ஆண்கள் செய்வதை லெண்டர்மன் நியாயப்படுத்தவில்லை, அவர்களை மேலிருந்து பார்த்துக் கேலியும் செய்யவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். கடைசியில் பாடகி கார்லி ஹார்ட்ஸ்மனின் குரல் அந்தத் தலைப்பு வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது மனசு கனத்துவிடும்.

சரி, தி க்யூர். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித்துக்கு ஆல்பம் வந்தபோது 65 வயது. எட்டே பாட்டுகள், சுமார் 49 நிமிடம். எல்லாவற்றையும் அவர் ஒருவரே எழுதியிருக்கிறார். முதல் பாட்டான 'அலோன்' தொடங்கி மூன்று நிமிடத்துக்கு மேல் ஆன பிறகுதான் குரல் வருகிறது. கச்சேரியில் ஆலாபனையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு அந்நியமாக இருக்காது: சாகித்யம் வருவதற்குள் அதன் மனநிலைக்குள் நாம் போய்விட்டிருப்போம். நாம் பாடும் ஒவ்வொரு பாட்டுக்கும் இதுதான் முடிவு என்ற பொருளில் ஸ்மித் வாயைத் திறக்கும்போது அது அறிவிப்பாகத் தோன்றவில்லை, ஏற்கெனவே நமக்குத் தெரிந்ததை உறுதிப்படுத்துவது போல இருக்கிறது.

ஆல்பத்தின் உயிர் 'ஐ கேன் நெவர் சே குட்பை'. தன் அண்ணன் ரிச்சர்டின் மரணத்தைப் பற்றி ஸ்மித் எழுதியது. இடி முழக்கத்தோடு தொடங்கி, பியானோவில் ஒரு சின்ன மெட்டு சுற்றிச் சுற்றி வரும். அதற்கு மேல் அலங்காரம் எதுவும் கிடையாது. துயரத்தைப் பற்றி நாற்பது வருடங்களுக்கு மேலாகப் பாடிய ஒருவர், உண்மையான இழப்பு வந்தபோது வார்த்தைகளைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். அந்த அடக்கம் என்னை உலுக்குகிறது.

குறை இல்லாமல் இல்லை. ஒலிக்கலவை ரொம்ப நெரிசல். சைமன் கேலப்பின் பேஸ் கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் ஒரே இடத்தில் குவிவதால் சின்ன இயர்ஃபோனில் குழம்பிப் போகிறது. 'ட்ரோன்:நோட்ரோன்' பாட்டில் ரீவ்ஸ் கேப்ரல்ஸின் கிட்டார் எனக்கு அளவுக்கு மீறிக் கத்துகிறது. பேருந்தில், நடையில் கேட்பதற்கு 'ரொமான்ஸ்'தான் பொருத்தம். லெண்டர்மனை அறைக்குள் ஸ்பீக்கரில் மிதமான சத்தத்தில் கேட்பதே நல்லது.

மூன்றின் கடைசிப் பாட்டுகளையும் அருகருகே வைத்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். 'ரொமான்ஸ்' முடிவது 'ஃபேவரிட்' பாட்டில்: வெயில் அடிப்பது போன்ற கிட்டார், ஆல்பத்திலேயே லேசான மெட்டு. இருட்டிலிருந்து வெளியே கூட்டிவந்து விட்டுவிடுகிறார்கள். லெண்டர்மனின் 'பார்க் அட் த மூன்' 10 நிமிடப் பாட்டு; வரிகள் முடிந்த பிறகு, பாதிக்கு மேல், ரீங்காரம் மட்டும் நீள்கிறது. எனக்கு அந்த நீளம் தேவையாகப் படவில்லை. அறையைவிட்டு வெளியே போகாமல் வீடியோ கேம் ஆடுகிற ஒருவனைப் பற்றிய அருமையான வரிகளை அது கரைத்துவிடுகிறது.

தி க்யூரின் 'எண்ட்சாங்'கும் 10 நிமிடம்தான். ஆனால் அதன் நீளம் முன்னால் இருக்கிறது. ஆறு நிமிடத்துக்கு மேல் டிரம்ஸ் நம்மை நடத்திக் கூட்டிப்போன பிறகு, சிவந்த நிலவைப் பார்த்துக்கொண்டு இருட்டில் நிற்கும் முதியவராக ஸ்மித் பாடத் தொடங்குகிறார். ஒருகாலத்தில் தானாக இருந்த அந்தப் பையன் எங்கே போனான், அவன் உலகம் எங்கே போனது என்று கேட்கிறார். காத்திருந்ததற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. லெண்டர்மனின் நீளத்தில் எனக்குக் கிடைக்காதது அதுதான்.

ஆகவே இசைத்தட்டு என்றால் என் தேர்வு தி க்யூர். இந்த வகை இசைக்குப் புதியவர் கேட்டால் 'ரொமான்ஸ்' சொல்வேன், அதிலும் 'ஃபேவரிட்'டிலிருந்து தொடங்கச் சொல்வேன். பாட்டு வரிகளுக்காகவே இசை கேட்பவர் என்றால் தயங்காமல் லெண்டர்மன். தி க்யூர் ஆல்பத்தை எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'எண்ட்சாங்'கை மட்டும் தனியாக எடுத்துக் கேட்காதீர்கள். முந்தைய ஏழு பாட்டுகளும் வரிசையாக முடிந்த பிறகு அது வரட்டும்.