ஓர் ஆணிக்கு 1,180 டாலர்: மலைக்கு ஜீப் எடுப்பவர்கள் கவனத்துக்கு

ஜீப் வாடகை ஆப்காரர்கள் நேற்று இரவு என் கார்டிலிருந்து 1,180 டாலரை உருவிவிட்டார்கள். விடியும் வரை தூக்கமில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அமெரிக்காவின் கொலராடோவில் சில்வர்டன் என்ற ஊருக்கு மேலே, சான் ஹுவான் மலைகளில் பழைய தங்க, வெள்ளிச் சுரங்க ஊர்கள் இருக்கின்றன. அனிமாஸ் ஃபோர்க்ஸ் அதில் ஒன்று, 11,200 அடி உயரத்தில். 1870-களில் முளைத்த ஊர். 1884-ல் 23 நாள் அடித்த பனிப்புயலில் 25 அடிப் பனி விழுந்து, வீட்டுக்கு வீடு பனியைக் குடைந்து போய்வந்தார்களாம். 1920-களில் ஆளில்லாமல் போய்விட்டது. ரொம்ப நாள் ஆசை. கூட வருவதாகச் சொன்ன இரண்டு பேரும் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்கள். ஒரு நாள்தானே என்று தனியாகக் கிளம்பினேன்.

தனி ஆட்கள் தங்கள் வண்டியை வாடகைக்கு விடுகிற ஆப் ஒன்றில், சில்வர்டனுக்குத் தெற்கே இருக்கும் டுராங்கோவில் ஜீப் பிடித்தேன். விளம்பரப் படத்திலேயே வண்டி பாறை மேல் ஏறி நிற்கிறது. காலை ஆறு மணிக்கு ஓனர் சாவி கொடுத்தார். ஆப்பில் 'ஆஃப்-ரோடு கூடாது', அதாவது ரோடில்லாத இடத்தில் ஓட்டக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறதே என்று கேட்டேன். சிரித்தார். என் போனை வாங்கி, சில்வர்டனிலிருந்து, அனிமாஸ் ஃபோர்க்ஸையும் தாண்டி, சின்னமன் கணவாய் வரை மேப்பில் விரலை இழுத்துக் காட்டி, "இது கவுண்டி ரோடு, அரசாங்க ரோடு. ஆஃப்-ரோடே இல்லை, என் மகளே ஓட்டுவாள்" என்றார். தோளில் ஒரு தட்டு வேறு. இதையே மெசேஜில் போடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு நல்லவராகத் தெரிந்தார் மனிதர்.

சில்வர்டனிலிருந்து 12 மைல், வண்டி நன்றாகத்தான் ஏறியது. பழைய வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் பின் டயர் உட்கார்ந்திருக்கிறது. துருப்பிடித்த நீள ஆணி. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கியும் இருந்தது. நான்கு நட்டும் கழன்றன. ஐந்தாவது லாக் நட்டு. அதன் தலை ஆறு பட்டையாக இல்லாமல் பூ இதழ் மாதிரி வளைந்து வளைந்து இருக்கும், அதற்கென்று உள்ள சாவி இல்லாமல் அசையாது. டேஷ்போர்டு, சீட்டுக்கடி, பின்பக்கப் பை எல்லாவற்றையும் கொட்டித் தேடினேன். இல்லை. போனில் சிக்னலும் இல்லை. மணி ஒன்று, மேலே இடி உருள ஆரம்பித்துவிட்டது. அந்த உயரத்தில் ஸ்பானரை நாலு தடவை அழுத்தினாலே மூச்சு வாங்குகிறது. கடைசியில் பெரியவர் ஒருவர் பக்கியில் (மலைப் பாதையில் ஓட்டுகிற சின்ன மோட்டார் வண்டி) வந்து, பஞ்சர் குச்சி செருகிக் காற்றும் அடித்துக் கொடுத்தார். பத்துப் பைசா வாங்கவில்லை. கணவாயை எட்டிக்கூடப் பார்க்காமல் இறங்கிவிட்டேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஓனரிடம் அந்த லாக் நட்டு சாவியைக் கேட்டால், "ஓ, அது வீட்டில் கிடக்கிறது" என்கிறார்! மூன்றாம் நாள் ஆப்காரர்களிடமிருந்து மெயில்: டயர் சேதம், அடிப்பகுதியில் கீறல், தடை செய்த பாதையில் ஓட்டியது, ஆக 1,180 டாலர். அவர்கள் அனுப்பிய படத்தில் கீறலுக்குள் துரு ஏறியிருக்கிறது. எனக்கென்னவோ அது பழைய கீறலாகத்தான் தெரிகிறது!

ஆப்பின் உதவி சாட்டில் போனால் ஒவ்வொரு தடவையும் புது ஆள். "உங்கள் வருத்தம் புரிகிறது" என்பார்கள், மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஓனர் வாயால் சொன்னது ஆப்பில் பதிவாகவில்லை, அதனால் செல்லாதாம். லாக் நட்டு சாவி இல்லாதது? அதற்குத் தனிப் புகார் போடச் சொன்னார்கள். போட்டேன். ஐந்து நிமிடத்தில் மூடிவிட்டார்கள். ஓனர் போனை எடுப்பதே இல்லை. 1,180 டாலர், நம்மூர்க் காசில் கிட்டத்தட்ட லட்ச ரூபாய்!

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. சாவி வாங்கும்போதே தரையில் படுத்து வண்டியின் அடியை வீடியோ எடுங்கள். லாக் நட்டு சாவியைக் கண்ணால் பார்க்காமல் கிளம்பாதீர்கள். வாயால் சொல்வதை மெசேஜில் வாங்குங்கள். சில்வர்டனிலும் பக்கத்து ஊரான யூரேயிலும் இந்த மலைப் பாதைகளுக்கென்றே ஜீப் விடுகிறார்கள், காசு கூடினாலும் அங்கே எடுங்கள். அப்புறம், தனியாக... சரி, பேங்க் லைன் இப்போதுதான் கிடைத்தது, மீதி பிறகு.