ஹியூமும் அற்புதங்களும்: எர்மனா, ஃபோகலினா?

பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்டியத் தத்துவவாதி டேவிட் ஹியூமின் ‘மனித அறிவு குறித்த விசாரணை’ நூலில் அற்புதங்களைப் பற்றிய பத்தாவது இயலை நண்பர்கள் சிலர் சேர்ந்து வாசிக்க முடிவு செய்தோம். துணைநூல் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. 1748-இல் வெளிவந்த அந்த இயலை ஒரே மாலையில் படித்துவிடலாம். அது என்ன சொல்கிறது என்பதில்தான் இன்றுவரை வழக்கு நடக்கிறது. நான் முதலில் வாங்கியது ஜான் எர்மன் 2000-இல் எழுதிய ‘ஹியூமின் படுதோல்வி’. ராபர்ட் ஃபோகலின் 2003-இல் ஹியூமுக்காக வாதாடி எழுதிய சிறிய மறுப்புநூலைப் பிறகு வாங்கினேன். யாராவது இப்போது இரவல் கேட்டால் இரண்டாவதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

இயலின் இரண்டாம் பகுதியில் பெரிய சிக்கல் இல்லை. அலெக்சாந்திரியாவில் பார்வையற்றவரைக் குணப்படுத்தியதாகச் சொல்லப்படும் ரோமப் பேரரசர் வெஸ்பாசியன், பாரிஸில் ஒரு துறவியின் கல்லறையில் நடந்ததாகச் சொல்லப்பட்ட அற்புதங்கள், மதக் கதைகளில் மனிதருக்குள்ள மயக்கம் என்று அது போகிறது. சண்டையெல்லாம் முதல் பகுதியில். அற்புதம் என்பது இயற்கை விதியின் மீறல். விதியோ மாறாத அனுபவத்தின் மேல் நிற்பது. ஆகவே, சாட்சியம் பொய்யாக இருப்பது அந்த அற்புதத்தையும் விஞ்சிய அற்புதமாக இருந்தாலொழிய அதை ஏற்கக் கூடாது என்கிறார் ஹியூம்.

எர்மன் இயற்பியலின் தத்துவத்தைக் கையாள்பவர். மதத்துக்கு முட்டுக்கொடுக்க அவர் வரவில்லை. ஹியூமிடம் சரக்கு இல்லை என்பதுதான் அவர் குற்றச்சாட்டு. மாறாத அனுபவத்தை ஹியூம் முழு நிரூபணமாகவே எடுத்துக்கொள்கிறார்; ஆனால் எத்தனை முறை ஒன்று தவறாமல் நடந்திருந்தாலும் அடுத்த முறையும் நடக்கும் என்பதற்கான நிகழ்தகவு முழு ஒன்று ஆகிவிடாது. நிகழ்தகவு பற்றித் தாமஸ் பேய்ஸ் எழுதிய கட்டுரையை அவர் இறந்தபின் வெளியிட்ட ரிச்சர்ட் பிரைஸ், 1767-இலேயே இந்த இடத்தில் ஹியூமைப் பிடித்துவிட்டார். லாட்டரியில் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குப் பரிசு விழும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஆனாலும் பத்திரிகை அந்த எண்ணை அச்சிட்டால் நம்புகிறோமே, எப்படி? எர்மன் இன்னும் மேலே போகிறார். ஒருவரையொருவர் சாராத சாட்சிகள், பொய்யைவிட உண்மையைச் சொல்லும் வாய்ப்பு கொஞ்சமேனும் கூடுதலாக உள்ளவர்கள், போதிய எண்ணிக்கையில் சேர்ந்தால், தொடக்க நிகழ்தகவு சுழியாக இல்லாதவரை எவ்வளவு சிறியதையும் மேலே தூக்கிவிடலாம். அவருடைய சமன்பாடுகளை நான் விரலால் கோடு பிடித்துக்கொண்டுதான் படித்தேன். அங்கே என் தீர்ப்புக்கு அதிக மதிப்பு வேண்டாம். அப்படி ஒருவரையொருவர் சாராத சாட்சிகள் உண்மையிலேயே இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

பிறகு ஏன் ஃபோகலின்? காரணம் ஒன்றே ஒன்று: எட்டு நாள் இருட்டு.

1600 ஜனவரி 1 முதல் எட்டு நாள் உலகம் முழுவதும் இருண்டு கிடந்ததாக எல்லா மொழி நூலாசிரியர்களும் ஒருமிக்க எழுதியிருப்பதாகவும், மக்களிடையே அந்தச் செய்தி இன்னும் உயிரோடு இருப்பதாகவும், தூரதேசம் போய்வந்தவர்களும் முரணின்றி அதையே சொல்வதாகவும் கற்பனை செய்யச் சொல்கிறார் ஹியூம். அப்படியானால் அதை ஐயத்தோடு தள்ளிவிடாமல் உறுதியானதாக ஏற்றுக்கொண்டு காரணம் தேட வேண்டும் என்கிறார். எர்மன் நினைப்பதுபோல், எந்தச் சாட்சியமும் எந்நாளும் போதாது என்று முதல் பகுதியிலேயே கதவைப் பூட்டியவர் இப்படி எழுதுவாரா? எர்மனின் வாசிப்பை ஏற்றால் இந்தப் பத்தி ஹியூமின் கைதவறுதலாகிவிடும். ஃபோகலினின் வாசிப்பில் அதற்கு இயல்பான இடம் இருக்கிறது. முதல் பகுதி தேர்ச்சிக்கான மதிப்பெண்ணை நிர்ணயிக்கிறது. வந்த விண்ணப்பங்கள் எதுவும் அதை எட்டவில்லை என்று இரண்டாம் பகுதி காட்டுகிறது. இருட்டுக் கதை மட்டும், உண்மையாக இருந்திருந்தால், எட்டியிருக்கும்.

சாட்சியத்தை எடைபோட இரண்டு வழி உண்டு என்றும் ஃபோகலின் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, சாட்சிகளையே விசாரிப்பது: எத்தனை பேர், முரண் உண்டா, ஆதாயம் உண்டா. மற்றொன்று தலைகீழ் வழி. ஒருவர் ஐந்து நிமிடத்தில் இருபது கிலோமீட்டர் நடந்ததாகச் சொன்னால் அவருடைய நேர்மையை யாரும் விசாரிப்பதில்லை. சொன்ன செய்தியே சாட்சியைக் கவிழ்த்துவிடுகிறது. இந்தப் பிரிவினை கைக்கு வந்தபின் எங்கள் கூட்டத்தில் ‘ஹியூம் முன்முடிவோடு பேசுகிறார்’ என்ற புகார் பாதியாகக் குறைந்தது.

பாதிதான். இருட்டுக்கு அடுத்த பத்தியிலேயே இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசி வருகிறார், அதே 1600 ஜனவரி 1-இல். அன்று அவர் இறந்ததாகவும், ஒரு மாதம் புதைந்து கிடந்தபின் எழுந்து வந்து மூன்று ஆண்டு ஆண்டதாகவும் இங்கிலாந்தின் வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் எழுதினாலும் நம்பமாட்டேன் என்கிறார் ஹியூம். மனிதரின் சூதும் மடமையும் அவ்வளவு சகஜமாம். இங்கே மதம் கலக்கவில்லை, சாட்சியமும் வலுவானது. அப்படியிருக்க இருட்டுக்குச் சரி, அரசிக்கு ஏன் இல்லை? இருட்டுக்கு உலகம் முழுவதும் சாட்சி, அரசிக்கு ஒரே நாடு. இயற்கை சிதைவதற்கு ஒப்புமைகள் உண்டு, செத்தவர் எழுவதற்கு இல்லை. பதில் இருக்கிறது, ஆனால் எனக்கு முழுத் திருப்தி இல்லை. எர்மனின் கட்சிக்காரர்கள் இங்கே சிரித்தால் நான் தடுக்கப்போவதில்லை.

எர்மன் நூலை விற்றுவிடவும் இல்லை. அதன் பின்பாதியில் தத்துவவாதி லாக், ஹியூமுக்கு மறுப்பு எழுதிய கேம்பெல், பிரைஸ் ஆகியோரின் மூலப் பகுதிகள் ஒரே கட்டாகக் கிடைக்கின்றன. அடுத்த மாதம் பிரைஸைப் படிக்கப்போகிறோம். அதற்கு அந்த நூல் வேண்டும்.