பதினொரு ஏக்கர் கொரங்காடு, ஒரு வருடக் குத்தகை: என் அனுபவம்

எங்கள் காட்டில் தென்னை வைத்த பிறகு மாடுகளுக்கு மேய இடமில்லாமல் போய்விட்டது. கட்டுத்தரையிலேயே கட்டி வைத்துச் சோளத்தட்டு போட்டுப் பார்த்தேன், காங்கேயம் மாட்டுக்கு அது ஒத்துவரவில்லை, நாள் முழுக்கக் கயிற்றை இழுத்துக்கொண்டு முறைத்தபடியே நிற்கும். அதனால் போன ஐப்பசியில், காங்கேயம் பக்கம் ஊதியூர் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஒரு கொரங்காட்டை, அதாவது உயிர்வேலி அடைத்துப் புல்லும் மரமுமாக விட்டிருக்கிற மேய்ச்சல் நிலத்தை, வருடக் குத்தகைக்கு எடுத்தேன். மூன்று மாடு, ஒரு கிடாரி, ஒரு காளைக்கன்று, இருபது மேச்சேரிச் செம்மறி ஆடு. இந்த மாதத்தோடு வருடம் முடிகிறது. இதே மாதிரி இடம் தேடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் எழுதுகிறேன். குத்தகைத் தொகையை மட்டும் எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் வேலி. நான் இடம் பார்க்கப் போனபோது தரகர் என்னை நேராக ஆழ்துளைக் கிணற்றுக்கு இழுத்துப் போனார், நான் வேலியைச் சுற்றி நடந்தேன். முள்கிளுவை, நல்ல வயதான வேலி, அடிமரம் என் முழங்கை கனம், ஆட்டுக்குட்டி கூட நுழையாது. பதினொரு ஏக்கரும் ஒரே வெளி கிடையாது, நடுவிலும் கிளுவை வைத்து மூன்று துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றில் மேயவிட்டால் மற்ற இரண்டும் தேறும். கம்பி வேலி போட்ட இடங்களையும் பார்த்திருக்கிறேன், துரு பிடித்த மறுவருடமே அதற்குச் செலவு ஆரம்பித்துவிடும், தழையும் தராது. கிளுவைத் தழையை ஆடு விரும்பித் தின்னும். தெற்குப் பக்கம் மட்டும் பத்தடி அளவுக்கு வேலி செத்துக் கிடந்தது, அதை ஒரு பழைய படலை வைத்து அடைத்திருந்தார்கள். கார்த்திகையில் ஒரு நாள் காளைக்கன்று அந்தப் படலைத் தள்ளிக்கொண்டு பக்கத்துக் காட்டுக் கொள்ளில் போய் நின்றது. தண்டம் கட்டியது நான்தான்.

புல்லைப் பற்றித்தான் உண்மையில் சொல்ல வேண்டும். நிலம் செம்மண், தோண்டினால் சுக்கான்கல், மழையும் பெரிதாக நம்பிக்கை வைக்கிற அளவுக்குப் பெய்யாது, ஐப்பசி கார்த்திகையில் விழுவதுதான் பெரும்பாலும் கணக்கு. அந்த மண்ணில் கொழுக்கட்டைப் புல் தூர் தூராக நிற்கிறது. நான் போனபோது பார்க்க வெறும் சருகு, மாட்டைப் பட்டினி போடப் போகிறேன் என்று வீட்டில் சண்டை. ஒரு நல்ல மழை பெய்து ஒரு வாரத்தில் ஒவ்வொரு தூரின் அடியிலும் பச்சை எட்டிப் பார்த்தது, இடையில் நரிப்பயறு கொடி ஓடியது. ஆசையில் உடனே மாட்டை உள்ளே விடப் போனேன், உரிமையாளரின் அம்மா படலருகே வந்து நின்றுகொண்டார்.

"ஏனுங் தம்பி, பில்லு பூட்டை எடுக்கட்டுமுங்க. இப்ப உட்டீங்கன்னா வேரோட புடுங்கிப் போடுமுங்க, அடுத்த வருசத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

பூட்டை என்றால் கதிர். அடுத்த வருடம் நான் இருப்பேனோ மாட்டேனோ, அவருக்குப் புல் இருக்க வேண்டும். மூன்று வாரம் தட்டு வாங்கிப் போட்டுத்தான் சமாளித்தேன். ஆனால் கதிர் முற்றி விதை உதிர்ந்து வேட்டியெல்லாம் ஒட்டிக்கொள்ளும்போது உள்ளே விட்டுப் பாருங்கள், மாடு தலையைத் தூக்காது. தை மாசிக்குப் பிறகு அந்தப் புல் நின்ற இடத்திலேயே காய்ந்து போகும், அதையும் மேயும்.

கோடைக்கு வெள்வேல மரம். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து நிற்கும், குடை மாதிரி விரிந்திருந்தாலும் இலை பொடி என்பதால் நிழல் கனமில்லை, மரத்தடியிலும் புல் வளர்கிறது. சித்திரையில் காய் உதிர ஆரம்பித்ததும் ஆடுகள் காலையில் படல் திறந்த உடனே எந்த மரம் என்று தேடிக்கொண்டு ஓடும், முந்தின இரவு காற்றடித்திருந்தால் இன்னும் வேகம். (இந்த மரத்துப் பட்டையைப் போட்டுத்தான் அந்தக் காலத்தில் பட்டைச் சாராயம் காய்ச்சினார்கள் என்பதைக் குத்தகைப் பேச்சுக்கு நடுவே மூன்று பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள்.) முள் மட்டும் ஜாக்கிரதை, வெள்ளையாக நேராக இருக்கும், ரப்பர் செருப்பைத் துளைத்து மேலே வரும்.

குறை இரண்டு. தண்ணீர் ஒன்று. தரகர் காட்டிய ஆழ்துளைக் கிணறு பங்குனியிலேயே காற்றை வாங்கியது, ஆடி மாதம் வரை டிராக்டரில் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்பினேன். பாலக்காட்டுக் காற்று ஆடியில் எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தொட்டியில் பாதி காற்றோடு போனது போலத்தான் இருந்தது. இன்னொன்று வடமேற்கு மூலையில் சீமைக்கருவேலம். அரை ஏக்கர் இருக்கும், அதற்கடியில் ஒரு தூர் புல் கிடையாது. அதன் காயையும் மாடு ஆடு தின்னத்தான் செய்யும், தின்றுவிட்டுப் போய்ச் சாணியோடு விதையை நல்ல துண்டில் போட்டுவிட்டு வரும். புரட்டாசியில் மூன்றாம் துண்டில் நாற்பது கன்றுக்கு மேல் பிடுங்கினேன், என் ஆடுகளின் உபயம்.

புல்லுக்கும் வேலிக்கும் ஐந்துக்கு ஐந்து, தண்ணீருக்கு ஒன்று, தரகருக்கு ஒன்றுமில்லை. நாட்டு மாட்டுப் பால் விற்றுக் குத்தகையை எடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில் யாரும் வர வேண்டாம், இது உழவுக்கும் வண்டிக்கும் வளர்ந்த மாடு, கன்று குடித்த பிறகு வீட்டுக் காப்பிக்கு மிஞ்சினால் சந்தோஷம். எனக்குக் கிடைத்தது வேறு. வரும்போது செவலையாக, செந்நிறமாக இருந்த காளைக்கன்று இப்போது சாம்பல் நிற மயிலையாகிவிட்டது, திமில் எழுந்து நிற்கிறது, போன வாரம் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வேலிக்கு வெளியே நின்றே விலை கேட்டார்.

அடுத்த வருடத்துக்கும் பேசிவிட்டேன், இந்த முறை தரகர் இல்லாமல். தண்ணீர் வண்டிச் செலவில் பாதி அவர்களுடையது, சீமைக்கருவேலத்தை வெட்டித் தூரோடு எடுப்பதும் அவர்களுடையது, தெற்கு வேலியில் போத்து (நட்டால் துளிர்க்கிற கிளைத்துண்டு) நடுவது என்னுடையது. கிளுவைப் போத்து வெட்டி வேப்பமரத்து நிழலில் சாய்த்து வைத்திருக்கிறேன், மழைதான் இன்னும் வரவில்லை.