தேக்கா பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடை: ஜாதிக்காய்க்கு முழு மதிப்பெண், அமுக்கராவுக்கு ஒரு கேள்வி பாக்கி

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. நல்லதோடு சேர்த்து ஒரு பெரிய குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லாவில் நிற்கும் பெண் ஊரிலிருந்து பிழைக்க வந்தவள், இது அவள் தலையில் விடிய வேண்டாம். சிங்கப்பூரில் தேக்கா சந்தையிலிருந்து நடந்துபோகிற தூரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 51 வயது. ஒரு வருடமாக இரவு மூன்று மணி சுமாருக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றும். காற்றாடியை ஐந்தில் வைப்பேன், பத்து நிமிடத்தில் குளிரும், ஒன்றுக்குக் குறைப்பேன். அப்புறம் எதிர் அடுக்குமாடி புளோக்கின் நடைவழி விளக்குகளை எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். மாதவிலக்கு நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். சரி. ஆனால் அலுவலகத்தில் ஒரு ரசீதில் எண் மாறிப்போனதற்காகக் கழிவறையில் போய் அழுதேன் பாருங்கள், அன்றைக்குத்தான் இதற்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றியது.

காரைக்குடியில் அம்மாவுக்கு போன் போட்டேன். "கசகசாவும் நாலு பாதாமும் அரைச்சுப் பால்ல காச்சிக் குடிடி, கட்டை மாதிரி தூங்குவ" என்றார். 27 வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், இன்னும் அவருக்கு இது புரியவில்லை. சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை, மார்ஃபின் ஒட்டியிருக்கலாம் என்பதால் போதைப்பொருள் அதிகாரிகள் பார்க்கிற விஷயம் அது. குருமாவுக்கு நானே முந்திரி அரைத்துத்தான் சமாளிக்கிறேன். "விதைக்குமா ஜெயிலு?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இருந்தாலும் அந்தக் கடையில் வாய் தவறிக் கசகசா என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அக்கா, வாரத்துக்கு ரெண்டு பேர் கேக்குறாங்க. போன வாரம் ஒருத்தர் சப்ஜா விதையைக் காட்டி இதுதானே கசகசான்னு சண்டை போட்டார்" என்றாள். பண்டுங் என்கிற ரோஜாப் பாலில் மிதக்கும் அந்தக் கறுப்பு விதையைச் சிலர் கசகசா என்றுதான் சொல்கிறார்கள். அது திருநீற்றுப் பச்சிலையின் விதை. வயிற்றுக்குக் குளிர்ச்சி, தூக்கத்துக்கு ஒன்றும் செய்யாது.

கடை சின்னது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வெளியே போய்விட வேண்டும். உள்ளே நுழைந்ததும் சுக்கும் வசம்பும் சேர்ந்த வாசம், பிள்ளை பெற்ற வீட்டு வாசம். இடது பக்கம் ஊரிலிருந்து வரும் டப்பா சூரணங்கள், லேகியங்கள். வலது பக்கம் கடையிலேயே பொட்டலம் கட்டியவை. எடைக்குக் கேட்டால் மின் தராசில் கண்முன்னே நிறுத்துத் தருகிறாள், பத்து கிராம் என்றாலும் முகம் சுளிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். வார நாளில் காலை பதினொரு மணிக்குப் போனால் நின்று பேச முடியும்.

அன்று வாங்கியதில் எனக்கு வாய்த்தது ஜாதிக்காய். இரண்டு காய் ஒரு வெள்ளி (இங்கே டாலரை அப்படித்தான் சொல்வோம்) இருபது காசு. அவளே பொறுக்கிக் கொடுத்தாள்: பூச்சி துளைத்த ஓட்டை இருக்கக் கூடாது, கையில் கனக்க வேண்டும், ஊசியால் குத்தினால் லேசாக எண்ணெய் கசிய வேண்டும். தூளாக விற்பதும் இருக்கிறது. "அத வாங்காதீங்கக்கா, வாசம் போயிருக்கும்" என்று தன் கடைச் சரக்கையே தள்ளி வைத்தாள். அங்கேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

ஊரில் குழந்தைகளுக்கு உரை மருந்து கொடுப்பார்கள் அல்லவா, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு என்று ஒவ்வொன்றாகக் கல்லில் உரசி? என் பெண்ணுக்கு நானே உரசியிருக்கிறேன். அந்தக் கல் வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது. அதனால் மண் குவளையைக் கவிழ்த்து, மெருகு போடாத அடிப்பாகத்தில் இரண்டு சொட்டுப் பால் விட்டு உரசினேன். முதல் சுற்றில் ஒன்றும் வராது. மூன்றாவது, நான்காவது சுற்றில் பால் பழுப்பாகிச் சந்தனம் போலக் குழையும். காயின் முகத்தில் வெள்ளையும் காப்பி நிறமுமாக வரிவரியாகத் தெரியும், மேகங்கள் மாதிரி. அந்த விழுதை விரலால் வழித்து வெதுவெதுப்பான பாலில் கலக்கி, துளி பனங்கற்கண்டு. ஒரு சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது. இயற்கைதானே என்று தேக்கரண்டி கணக்கில் அள்ளிப் போட்டால் வாந்தி, படபடப்பு, சித்தம் கலங்குவது வரை போகும். அதில் இருக்கும் மிரிஸ்டிசின் என்ற பொருள் விளையாட்டு இல்லை.

இந்த ஊருக்கும் ஜாதிக்காய்க்கும் ரொம்பப் பழைய உறவு. இன்றைக்கு ஆர்ச்சர்ட் (தோட்டம் என்று அர்த்தம்) ரோட்டில் கைப்பை விற்கிற இடமெல்லாம் 19ஆம் நூற்றாண்டில் ஜாதிக்காய்த் தோட்டங்கள். 1850களில் நோய் விழுந்து மரமெல்லாம் போயிற்று, பெயர் மட்டும் மிச்சம். என் பெண்ணிடம் சொன்னால், "மா, அங்க இப்ப அதுவும் ஆன்லைன்லதான் கிடைக்கும்" என்கிறாள்.

இனி அமுக்கராவுக்கு வருகிறேன். அசுவகந்தா என்று இப்போது மிட்டாய் உருவத்தில்கூட வருகிறதே, அதேதான். கிழங்கில் குதிரை வாடை அடிக்கும் என்பதால் அந்தப் பெயர். தாவரவியல் பெயரிலேயே 'சோம்னிஃபெரா', தூக்கம் தருவது என்று இருக்கிறது. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் தூக்கம் கொஞ்சம் கூடியதாகவும் வந்திருக்கிறது. நான் கேட்டது தூக்கத்துக்கு. அவள் எடுத்துக் கொடுத்தது அமுக்கரா சூரணம், 100 கிராம் டப்பா ஒன்பது வெள்ளி.

சூரணத்தின் கணக்கு அழகானது. கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நான்கு, சர்க்கரை நூற்று இருபத்தெட்டு. ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இரட்டிப்பு. சதுரங்கப் பலகையில் அரிசி வைத்த கதைதான். ஆனால் நின்று யோசித்துப் பாருங்கள், டப்பாவில் பாதி சர்க்கரை! எனக்கும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்ட என் வீட்டுக்காரர் சர்க்கரை நோயாளி. கரண்டியைப் பிடுங்கி வைத்தேன்.

என் கதை வேறு. இரவு அரைத் தேக்கரண்டி பாலில் போட்டு ஒன்பது நாள் குடித்தேன். நாலாவது நாளிலிருந்தே நெஞ்சு படபடவென்று அடித்தது. வயசுக் கோளாறு என்று நினைத்துவிட்டேன். பத்தாம் நாள் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) வழக்கமான மாத்திரை வாங்கப் போனபோது, மருந்தாளர் வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். நான் பத்து வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும், மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மீறலாம் என்றார். அரிதாகச் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாகவும் செய்தி உண்டு, நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினேன், படபடப்பு ஒரு வாரத்தில் அடங்கியது. அதனால்தான் வந்தது என்று சத்தியம் பண்ண மாட்டேன். அப்புறம் எடுத்த இரத்தப் பரிசோதனை சரியாகத்தான் இருந்தது.

கடையின் குறை இதுதான். தூளை வாங்காதே என்று சொல்லத் தெரிந்த பெண்ணுக்கு, "வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களாக்கா?" என்று கேட்க யாரும் சொல்லித் தரவில்லை. அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவள் வைத்தியர் இல்லை. கேட்க வேண்டிய கடமை முதலாளிக்கு. எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் சீன மருந்துக் கடைக்கு, பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருநாள் என்னை இழுத்துக்கொண்டு போனார். நாக்கை நீட்டச் சொன்னார்கள், நாடி பார்த்தார்கள், என்ன மாத்திரை, எத்தனை வருடம் என்று கேட்டுவிட்டுத்தான் இழுப்பறையைத் திறந்தார்கள். சீன மருத்துவருக்கு இங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு உண்டு. நம் சித்த வைத்தியத்துக்கும் ஆயுர்வேதத்துக்கும் அப்படி இல்லை. கடைகளில் விற்கும் இந்தச் சூரணங்களும் விற்பனைக்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் பெற்று வருபவை அல்ல. தரத்துக்கு விற்பவர்தான் பொறுப்பு. ஆக, கல்லாவில் கேட்கிற அந்த ஒரு கேள்விதான் நமக்கு வேலி. (அந்தச் சீனக் கடையில் தூக்கத்துக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? இலந்தைக் கொட்டை! ஊரில் பழத்தைத் தின்றுவிட்டுத் துப்பினோமே, அதன் சீனத்து உறவு.)

மற்ற சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. வெட்டிவேர் கட்டு நன்றாக இருந்தது, தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன், வாசம் இரண்டு மாதம் நின்றது. வல்லாரைப் பொடி வைக்கோல் மாதிரி இருந்தது, பொட்டலத்தில் தேதியும் இல்லை. அதற்குப் பதில் ஈரச்சந்தையில் பச்சையாக வாங்கித் துவையல் அரைக்கலாம், மலாய்க்காரர்கள் பெகாகா என்பார்கள், கட்டு கட்டாகக் கிடக்கும். மருதாணிப் பூ கேட்டேன், அம்மா தலைக்கடியில் வைத்துப் படுப்பார். இல்லை. இங்கே மருதாணி என்றால் கூம்பில் அடைத்த பசைதான்.

சரி, தூக்கம் வந்ததா? மூன்று மாதம் ஆகிறது. வாரத்தில் நாலைந்து நாள் விடிய ஐந்து வரை தூங்குகிறேன். முழுப் பெருமையையும் ஜாதிக்காய்க்குக் கொடுக்க மனசாட்சி இடம் தரவில்லை. அதே சமயத்தில் மாலை நாலு மணி கோப்பியையும் விட்டேன். கோப்பிக் கடையில் போடுவது பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டை, அராபிகா கொட்டையைவிடக் காஃபின் அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடம்பில் உட்கார்ந்திருக்கும். 27 வருடம் அதைக் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று மூலிகை தேடியிருக்கிறேன்! பால் ஆற்றி, உரசி, கலக்குகிற அந்தப் பத்து நிமிடம் கைப்பேசி கையில் இருப்பதில்லை, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முகச் சிடுசிடுப்பு குறைந்திருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். வேர்ப்பு குறையவில்லை, அதற்கு டாக்டரைத்தான் பார்க்கப்போகிறேன்.

போன வாரம் மறுபடி போனேன், ஜாதிக்காய் தீர்ந்துவிட்டது. நடந்ததை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "ஐயோ, எனக்குத் தெரியாதுக்கா" என்றாள். வீட்டிலேயே ஒரு அட்டையில், 'இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்கவும்' என்று பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கல்லாவுக்கு மேலே ஒட்டச் சொன்னேன். முதலாளியைக் கேட்க வேண்டும் என்று வாங்கித் தராசுக்குக் கீழே வைத்தாள். காய் இரண்டும் ஒரு வெள்ளி ஐம்பது ஆகிவிட்டது.